பின்வாசலால் சாப்பிடுகிறவன்

கிளிநொச்சியில் பசிக்கிறவர்கள்
முன்னால் போய் வாங்கில் இருப்பார்கள்.
நான் ஸ்பானர்ப் பையோடு பின்வாசலால் போவேன்.
பிரிட்ஜ் திருத்துகிறவனுக்குக்
கடைப் பெயர்கள் மனதில் நில்லா,
மோட்டர்ச் சத்தம் நிற்கும்.

கரடிப்போக்குச் சந்தியில் அமலதாசின் இரட்டைக் கதவு
ஓடி நிற்கும்போது ஒருதரம் குலுங்கும்,
வவுனியா பஸ் மாதிரி.
அங்கே காலை ஆறரைக்குக் குழற்புட்டு,
சூடாக்கிய மீன்குழம்பு.
நேற்றையதுதான் ருசி என்பார்,
வாங்குகிறவர்களிடம் அல்ல, என்னிடம்.
காஸ் நிரப்பினால் பாதி காசு,
மிச்சம் புட்டு.

பரந்தனில் நிக்சனுக்கு இரவில்தான் விடியும்.
தகட்டில் இரண்டு இரும்பும் விழும்போது
முட்டைக் கொத்துக்கு ஒரு நடை,
கோழிக்கு இன்னொன்று;
லொறிக்காரர் கண்ணை மூடியபடியே
தங்கள் பார்சலுக்கு எழும்பி வருவார்கள்.
ஒருநாள் தாளம் பிசகியது.
பின்னால் நின்ற நான் அவன் முதுகைப் பார்த்தேன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்,
போனுக்குள் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.
கொத்தில் உப்பில்லை.
ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

முறிகண்டிக் கச்சானுக்குக் குளிர் வேண்டாம்.
அங்கே மட்டும்
காசு கொடுத்துச் சாப்பிடுகிற மனிதன் நான்.

சித்திரை இடியில் போன பிரிட்ஜாம், பார் என்று
வட்டக்கச்சிக்கு அமலதாஸ்தான் அனுப்பினார்.
சசிவதனியின் கடை:
நாலு கம்பி, தகரம், இரண்டு வாங்கு.
வழக்கம்போலப் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன்.
கொம்பிரசரில் எரிந்த மணம் இன்னும் இருந்தது.
"நாற்பத்தெட்டாயிரம் போகும் அக்கா."
அவள் வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.
"திருத்திப்போட்டு அதுக்குள்ள என்னத்தை வைக்கிறது?"

விடிய இரணைமடுவில் வலை இழுத்தால்
பத்து மணிக்கு அவள் சட்டியில் கொதிக்கும்.
யப்பான் மீன் என்பார்கள் அதை.
யப்பானில் அதற்கு என்ன பெயரோ,
இங்கே மாங்காய் போட்டு
பழப்புளி ஒரு பிடி கூட.
பிந்தி வந்தால் முருங்கையிலைச் சுண்டல்.
அதற்கும் பிந்தினால்
"நாளைக்கு வாங்கோ."

அன்றைக்கு முன்னால் போய் இருந்தேன்.
மோட்டர் ஓடாத கடை எனக்குப் பழக்கமில்லை.
பக்கத்து ஆள் அப்பளம் கடிப்பது கேட்டது,
தகரத்தில் அணில்,
சிறுபோகத்துக்குத் திறந்த வாய்க்காலில் தண்ணீர்.
ஒரு மீன் முழுதாய்ச் சாப்பிட்டு
இரண்டாந்தரம் சோறு வாங்கி
கை கழுவிப் பையைத் தூக்கினேன்.

"நானூற்றைம்பது" என்றாள்.
"இல்லை, வேலைக்கு..." என்று தொடங்கினேன்.
"என்ன வேலை செய்தனீங்கள்?"

சட்டைப் பையில் நூறு ரூபாயும்
ஒரு திருகாணியும்.
அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.
போய்ப் பிரிட்ஜைத் திறந்தாள்.
மேல்தட்டில் கோதுமை மா.
எலிக்குப் பயந்து நடுத்தட்டில்
மகளின் பள்ளிச் சப்பாத்து.
முட்டை வைக்கிற குழிகளில் சில்லறை.
கீழே, மரக்கறிப் பெட்டியில், கடன் கொப்பி.
என் பெயரைக் கேட்டாள்.
எழுதினாள்.
திரும்ப உள்ளே வைத்துச் சாத்தினாள்.

றப்பர் இன்னும் நன்றாய்ப் பிடிக்கிறது.
அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.