எண்ணூறு சிசி

ஹெல்மெற்றோடேயே ஏறி இருந்துவிட்டேன்.
கூரை டொக்கென்றபோதுதான் உறைத்தது.
“மிஸி, இது கார்” என்றான் புறோக்கர் றெஜினோல்ட்,
சிரிக்காமல்.
விற்கிறவர்களுக்குச் சிரிப்பு
விலை படிந்த பிறகுதான் வரும்.

வெள்ளை என்று சொல்லலாம்.
ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை.
“சின்னனா ஒருக்கா மதிலோட பட்டது.”
மதில் என்ன வேகத்தில் வந்ததென்று நான் கேட்கவில்லை.
வேலணை ரீச்சர் ஒருவர் வைத்திருந்தாராம்,
ஞாயிறுகளில் கோயிலுக்கு மட்டும் ஓடினதாம்.
கிளச் மிதியில் ரப்பர் தேய்ந்து
இரும்பு பளபளத்தது.
பக்தி கூடிய ரீச்சர்.

கோட்டடியில் வெளிக்கிட்டோம்.
முதலாம் கியரில் இருமியது,
இரண்டாவதில் இருமலை மறந்தது.
சத்திரத்துச் சந்தியில் சிவப்பு விழ,
பதினாறு வருஷ ஸ்கூட்டிப் பழக்கத்தில்
என் இடக்கால் கிளச்சை விட்டுத் தரையைத் தேடிப் போனது.
கார் குலுங்கி நின்றது.
பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்னாலேயே
எனக்கு லைசென்ஸ் தந்தவரை விசாரித்தார்.

பண்ணைப் பாலம். சோளகம் அடிக்கிற மாதம்.
மேசையில் இருக்கிற கோப்பையை
ஒருவர் பேச்சுவாக்கில் ஒரு விரலால் தள்ளுவதுபோல
காற்று எங்களைத் தள்ளியது.
ஊர்காவற்றுறை பஸ் முந்த,
ஸ்ரியறிங் கைக்குள் மீனாய் நெளிந்தது.
“ஏசியப் போட்டுப் பாருங்கோவன், ஐஸ் மாதிரி.”
ஏசியை நிறுத்தினேன்.
ரேடியோவை நிறுத்தினேன்.
றெஜினோல்ட்டையும் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.

ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து,
பையிலிருந்து மரக்குழலை எடுத்தேன்,
வயிற்றில் வைத்துத் துடிப்புக் கேட்கிற குழல்.
சூடு பொறுக்கிற இடமாய்ப் பார்த்து வைத்துக்
காதைக் கொடுத்தேன்.
மூன்று சிலிண்டர்.
இரண்டு தயங்காமல் பேசின.
மூன்றாவது இடைக்கிடை யோசித்துவிட்டுப் பேசியது.
பெரிய யோசனையில்லை, பிளக் மாற்றினால் தெளியும்.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.
முகத்தை மட்டும்
‘உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ’
என்று சொல்கிறபோது வருகிற முகமாய் வைத்துக்கொண்டேன்.

பிறகு செருப்பைக் கழற்றிப் பின்சீற்றில் ஏறி
ஹெல்மெற்றை வயிற்றில் வைத்து
மல்லாந்து படுத்தேன்.
றெஜினோல்ட் அவசரமாய்க் கடலைப் பார்த்தான்.
கால் நீட்டினால் கதவு பூட்டாது.
முழங்காலை மடித்தால் பூட்டும்.
நோவெடுத்தவள் எப்படியும் மடித்துத்தான் கிடப்பாள்.

போன கார்த்திகையில் நாவாந்துறையில்
பிறிசில்லாவைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி
மூன்று பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம்.
அம்புலன்ஸ் ஒழுங்கை வாயில் நின்று
தன்னால் முடிந்ததைச் செய்தது:
கத்தியது.
பிள்ளை கதிரையிலேயே பிறந்தான். சுகம்.
கதிரைதான் உடைந்தது.

“அந்த ஒழுங்கைக்குள்ள விட்டுப் பாப்பம்.”
“பெயின்ற், மிஸி...”
கண்ணாடி இரண்டையும் மடக்கி உள்ளே விட்டேன்.
யாரோ சைக்கிளை இழுத்தார்கள், யாரோ கொடியில் கிடந்த சீலையை.
ஒரு சேவல் மட்டும் சட்டம் பேசியது.
இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் மூன்று,
ஆனால் கடைசி வீடு வரை போனது.

பிறிசில்லா மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.
“வாங்கிப்போட்டியளே?”
“இல்லையடி. ஓடிப் பாக்கிறன்.”
அவன் எட்டி ஹோர்னை அமத்தினான்.
“பாத்தியளே, ஹோர்ன் புதுசு,” என்றான் றெஜினோல்ட்.
பின்னுக்கு எடுக்கிறபோது ஒழுங்கை முழுக்க வழி சொன்னது,
ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம்.

“கடைசியா என்ன சொல்லுறியள்?”
“முப்பத்தொண்டரை.”
“மூண்டாவது சிலிண்டர் ஒண்டிருக்கு...”
“அதுக்கென்ன?”
“சொன்னாப் பயந்திடுவியள்.”

நாளைக்குச் சொல்வதாய்ப் பிரிந்து
ஸ்கூட்டியை உதைக்கும்போது தலையில் காற்றுப் பட்டது.
ஹெல்மெற் காரின் பின்சீற்றில்.
மறந்தேனா,
பஸ்ஸில் லேஞ்சி போடுவதுபோல
போட்டுவிட்டு வந்தேனா
தெரியாது.