இருபத்தேழு கிலோ

புந்தா அரேனாஸ் துறையில்
அக்டோபர் காற்று ஆளைத் தள்ளும்.
தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
ரொட்டி வாங்கப் போகிறவர்கள் பிடித்துக்கொள்ள.
பள்ளிக்கூட வாசலில் ஒரு விளக்கு,
வண்டிகளுக்கல்ல, வெயிலுக்கு.
இன்று ஆரஞ்சு.
தொப்பி போடு, கையை மூடு.

அதைப் பார்த்தபடியே வந்த நோல்ஃபா ஒயார்சோ
'எதெல்வினா'வின் இரும்பு ஏணியில் இறங்குகிறாள்.
முப்பத்தேழு வருஷம் மீன் அள்ளிய கப்பல்,
அடுத்த மாதம் வெட்டுக்குப் போகிறது.
எஞ்சின் அறைச் சுவரோரம்
பட்டை போட்டுக் கட்டிய நான்கு உருளைகள்.
சிவப்புச் சாயம் உரிந்து,
ஒன்றின் தோளில் யாரோ ஆணியால் கீறிய
ஒரு பெண் பெயர், பாதியில் நிற்கிறது.

அவள் கொண்டுவந்தவை
ஒரு பம்பு, குழாய், காலி உருளை, தராசு,
அப்புறம் காகிதம்.
காகிதம்தான் கனம்.

ஹாலோன்.
நிறமில்லை, ஈரமில்லை,
கம்பியைக் கெடுக்காது, கணக்கு நோட்டை நனைக்காது.
நெருப்பின் காதில் என்னவோ சொல்லும்,
தான் நெருப்பென்பதையே
நெருப்பு மறந்துவிடும்.

விளக்குப் பிடித்து நிற்கிறவன் ஒனோஃப்ரே,
இந்தக் கப்பலின் மெக்கானிக்.
இடது காது பாதிதான் இருக்கிறது.
"தொண்ணூற்றாறில் டீசல் குழாய் வெடித்தது,
இதே இடம்" என்கிறான்.
"மணி அடித்தது. முப்பது நொடி.
நான் ஏணியில் நான்காவது படி.
பின்னால் புஸ்ஸென்று ஒரு குளிர்.
திரும்பிப் பார்த்தேன்,
தீயும் இல்லை, புகை மட்டும்
எங்கே போவதென்று தெரியாமல்."

தீயை அணைத்தது.
அவனையும்.

முதல் உருளை: அறுபத்தெட்டு.
இரண்டாவது: அறுபத்தெட்டு.
மூன்றாவதிலும் அதே.
நான்காவது நாற்பத்தொன்றில் நின்றது.
தராசைத் தட்டினாள். துடைத்தாள்.
உருளையை இறக்கி மறுபடி ஏற்றினாள்.
நாற்பத்தொன்று.

இருபத்தேழு கிலோ.
இந்த ஊர்க் கணக்கில்
கிறிஸ்துமஸுக்கு வளர்க்கும் ஆட்டுக்குட்டி ஒன்று,
பட்டியிலிருந்து வேலி தாண்டிப் போயிருக்கிறது.

"எல்லாம் அறுபத்தெட்டென்று எழுது" என்கிறான்.
"மேலே போய் யார் எண்ணப் போகிறார்கள்?"

எண்ணுகிறார்கள், என்று அவள் சொல்லவில்லை.
பலூன் விட்டு எண்ணுகிறார்கள்,
பள்ளிக்கூட விளக்கு எண்ணுகிறது,
தன் மகள் மூக்கில் உரியும் தோல் எண்ணுகிறது,
எதையும் சொல்லவில்லை.
"வாங்குகிறவனிடமும் தராசு இருக்கிறது"
என்று மட்டும் சொன்னாள்.
அவன் சிரித்தான். அது அவனுக்குப் புரியும்.

வாங்குகிறவன் விமானக் கம்பெனி.
புதிதாய்ச் செய்யக் கூடாது, சட்டம்.
இருப்பதைத் துடைத்து, வடிகட்டி,
வங்கியில் போட்ட பணம் போலக் கொஞ்சம் கொஞ்சமாய்
இறக்கைகளுக்கடியில் வைக்கிறார்கள்.
மாற்று வரும்வரை.
வரும் என்று சொல்லிப் பல வருஷமாயிற்று.
போன மாதம் சான்டியாகோ போனபோது
ஜன்னலோரம் உட்கார்ந்து
அவளும் அதை நம்பித்தான் தூங்கினாள்.

பம்பு உறுமுகிறது.
குழாயில் பனி பூக்கிறது.
கடைசிச் சொட்டுவரை இழுக்க இரண்டு மணி நேரம்;
காற்றில் விட்டிருந்தால்
ஒரு தும்மல் நேரம்.

வால்வைக் கழற்றினாள்.
உள்ளே ஒரு ரப்பர் வளையம்,
மோதிர விரலுக்குக்கூடப் பற்றாது,
ஓரத்தில் மயிரிழை வெடிப்பு.
யாரும் திறக்கவில்லை. யாரும் திருடவில்லை.
எல்லோரும் தூங்கிய ராத்திரிகளில்,
வலை இழுத்த பகல்களில்,
ஒனோஃப்ரேக்குக் கல்யாணம் ஆகி முறிந்த வருஷங்களில்
போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
ஏறிச் சேர நாளாகுமாம்.
சேர்ந்த புரோமினோ
ஒரு வேலை முடிந்ததென்று வீடு திரும்பாது.

இழப்பு: 27.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
"வளையம்" என்று எழுதினாள்.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.

மேல்தளத்தில் உருளைகளைக் கயிற்றில் ஏற்றும்போது
ஒனோஃப்ரே நான்காவதை மட்டும்
உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான்,
குதிரையைத் தட்டுவதுபோல.
பிறகு மேலே பார்த்தான்.
மேகமில்லை.
கம்பளித் தொப்பியை
இல்லாத பாதிக் காதுவரை
இழுத்துவிட்டுக்கொண்டான்.