வெளிச்செல்லும் பெட்டி

முப்பது நாள் இலவசம் என்கிறது.
முப்பது நாளில் ஒரு கப்பல்
இங்கிருந்து பனிக்கண்டம் போய்த் திரும்பி
மறுபடியும் வெங்காயம் கேட்கும்.
போதும்தான்.

பழைய நிரலை இனி யாரும் செப்பனிட மாட்டார்களாம்,
சாந்தியாகோவிலிருந்து கடிதம்.
கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் என் கடையின்
பத்தொன்பது வருடம்,
அறுபத்தோராயிரம் அஞ்சல்கள்
அதன் வயிற்றில்.

லிசாந்த்ரோ சொல்கிறான்:
உலாவியிலேயே பாருங்களேன் செஞோரா,
எல்லாம் மேகத்தில்தானே இருக்கிறது.
பையா, இந்த ஊரில் மேகம்
ஓரிடத்தில் நின்று நீ பார்த்திருக்கிறாயா?

புந்தா அரேனாஸில் கதவைத் திறப்பதென்றால்
காற்றுக்கு ஒரு தோளைக் கொடுத்துத் திறக்க வேண்டும்.
வாரம் இருமுறை இணையம் அறுந்து விழும்.
ஆகவே முதலில் கம்பியைப் பிடுங்கினேன்.
எழுதினேன். அனுப்பு என்றேன்.
அலறவில்லை, வட்டம் சுற்றவில்லை.
"பிறகு அனுப்புகிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டது.
நோட்டில் ஒரு டிக்.

எழுத்து பெரிதாகிறதா? ஆகிறது.
பொத்தான்கள் ஆகவில்லை.
எறும்பளவு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்
எறும்பளவு 'அனைவருக்கும் பதில்'.
இதை வடிவமைத்தவனுக்கு
இன்னும் நாற்பது ஆகவில்லை.

நோயெமி என்ற என் பெயரின் கடைசி எழுத்துக்கு மேல்
ஒரு கீற்று உண்டு.
முதல் வருடத்து அஞ்சல்களில் அது
கேள்விக்குறியாக வந்து இறங்கியது.
அந்த வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன்,
அதை ஒரு நிரல் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு வீடு பார்த்தால்
பின்வாசலைத்தான் முதலில் பார்ப்பேன்.
நாளை இதையும் விட்டுப் போக நேர்ந்தால்
மூட்டையைக் கட்டிக் கையில் தருமா?
தரும். ஒவ்வோர் அஞ்சலும் தனிக் கோப்பாக.
டிக்.

ஒன்பதாம் நாள் எல்லாவற்றையும் இறக்கினேன்.
நீலக் கோடு மதியம்வரை ஊர்ந்தது.
வந்தவை, போனவை, வரைவுகள்.
பிறகு வெளிச்செல்லும் பெட்டி: ஒன்று.

அந்த ஒன்று பழைய நிரலிலும் இருந்தது.
கன்னத்து மச்சத்தைப் போல,
இருப்பதே மறந்து போகுமளவுக்கு இருந்தது.
புதியது சுறுசுறுப்பு.
நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள்
பச்சையில் எழுதிவிட்டது: அனுப்பப்பட்டது.

பதினோரு வருடம் பழையது. யெர்கோவுக்கு.

"நீ விற்ற நாற்பது மீட்டர் இரண்டாம் நாளே பிரிந்துவிட்டது.
கயிறு விற்கிறவன் கயிறு திரிக்கக் கூடாது.
இனி என் படி ஏறாதே."

ஏறவில்லையே அவன்.
வாசலோடு நின்றுதான் பேசுவான், சனிக்கிழமைகளில்,
தொப்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றில்.
நான் தலையை மட்டும் அசைப்பேன்.
அப்படி ஒரு கடிதத்தைப் படித்துவிட்டும்
வணக்கம் சொல்கிறானே, எத்தனை தடித்த தோல் என்று
பதினோரு வருடம் வியந்திருக்கிறேன்.

நாலு பத்துக்குப் பதில் வந்தது.
(அறிவிப்பு ஒலி: சிறிய மணி. பரவாயில்லை.)

"நோயெமி, எந்தக் கயிறு?
கடையை விற்று ஆறு வருடமாகிறது.
போன சனிக்கிழமைகூட உன் வாசலில் நின்றேனே,
அப்போதே சொல்லியிருக்கலாமே."

பதில் எழுதும் சன்னலைத் திறந்தேன்.
அவன் வரிகள் கீழே, கர்சர் மேலே.
இதையும் பார்க்க வேண்டியிருந்தது,
பார்த்தாயிற்று.

மூன்று வரி எழுதினேன்.
இரண்டை அழித்தேன்.
கம்பியைப் பிடுங்கிவிட்டு
அனுப்பு என்றேன்.

பிறகு அனுப்புகிறேன், என்றது.
இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது.