தனிநிலை

ரந்தாவ் பெக்கானிலிருந்து நாலு கிலோமீட்டர்.
லோரிகள் உதிர்த்த செம்பனைப் பழங்கள்
நசுங்கிக் கிடக்கும் சாலை,
அது முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம்.
ஆண்டு ஒன்று. பதினோரு பேர்.
எல்லோருக்கும் சேர்த்து
பதினாறு முன்பற்கள் குறைவு.
எண்ணிப் பார்த்தேன். வேறென்ன செய்ய,
மூன்று மாதத் தற்காலிக ஆசிரியைக்கு
முதல் வாரமே பாடம் நடத்தவா வரும்?

மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்,
காற்றை விட வேண்டும்: ஃப்.
கடல் தாண்டி வந்த புத்தகத்தில்
வாய்ப் படம், அதன்மேல் அம்புக்குறி.
பல் விழுந்த வாய்க்கு எங்கே அம்பு விடுவது
என்று அதில் இல்லை.
கிஷாந்தினி முயன்றாள்.
காற்று வந்தது, எச்சில் வந்தது,
முன்வரிசை முகம் துடைத்தது,
ஃப் மட்டும் வரவில்லை.

வெண்பலகையில் ஆய்தம் எழுதினேன்.
"தமிழ் வகுப்பில் பார்த்திருப்பீர்களே,
இந்த மூன்று புள்ளி..."
"ப்ளக் ஓட்டை!" என்றான் பவித்ரன்
சுவரைக் காட்டி.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
இத்தனை வருஷம் தினமும் போன் சார்ஜ் போடுகிறேன்,
என் கண்ணில் படவில்லையே.
அன்று முழுக்கப் பானாவை அதில் சொருகினோம்.
ஃபேன், ஃபிஷ், ஃபைவ்.
பாதிப் பேருக்குக் கரண்ட் வந்தது.

புதன்கிழமை வினைச்சொல்.
ஐ கோ. யூ கோ. தே கோ.
ஷீ மட்டும் கோஸ்.
"ஏன் டீச்சர் அப்படி?"
நான் படித்த கல்லூரியில் இதற்குப் பதில் உண்டு,
ஏழு வயதுக்குச் சொல்கிற மாதிரி இல்லை.
மலாயில் யார் போனாலும் பெர்கி, சுலபம், என்றான் யுகேஷ்.
தமிழில் போனது அவனா அவளா,
ஒருத்தியா ஊரே திரண்டா,
மரியாதை உண்டா இல்லையா,
எல்லாம் வாலில் தொங்கும்.
இங்கிலீஷுக்கு ஒரே ஒரு ஸ்,
அதுவும் ஒருத்தி தனியாகப் போனால்தான்.
"நான் தனியா போனா?"
"ஒட்டாது."
"அநியாயம்," என்றாள் கிஷாந்தினி.
பல்சந்தில் விசில் அடித்தது.

மை மதர் கோஸ் டு த, பிறகு ஒரு கோடு.
கீழே நாலு படம்: ஆபீஸ், மார்க்கெட், பார்க், பீச்.
அவள் எதிலும் வட்டம் போடவில்லை.
தாளின் ஓரத்தில் பஸ் ஒன்று வரைந்து
ஜன்னல்களை மட்டும் கறுப்பாகத் தீற்றினாள்.
"பாக்டரி டீச்சர். செனவாங். கையுறை செய்வாங்க.
நைட் ஷிப்ட்."
அடைவுநிலைப் பட்டியலில்
பென்சிலால் மூன்று போட்டேன்.
அழித்தேன். நாலு போட்டேன்.
ஆய்தத்துக்குத் தனிநிலை என்றும் பெயர் உண்டு,
அதை நான் சொல்லித்தரவில்லை.

தவணை விடுமுறை கழித்து வந்தபோது
ஈறில் அரிசிக் குருணையாய் ஒரு வெள்ளை.
பத்தே நாளில் பானாவுக்குக் கேடு வந்தது.
ஃபென்சில். ஃபேப்பர். ஃபவித்ரன்.
ஃபவித்ரன் அழுதான்.
தமிழ் வகுப்பிலும் ஃபள்ளிக்கூடம், ஃபாட்டு என்று வாசித்து
மங்களேஸ்வரி டீச்சர் என்னைத் தேடி வந்துவிட்டார்.
திருத்தியிருக்க வேண்டும்.
இன்னும் ஒரு வாரம் விடுங்கள் என்று கெஞ்சினேன்,
ஏதோ என் பல் முளைத்தது போல.

கடைசி வெள்ளி, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னே,
தோட்டத்து முனையில் ஃபேக்டரி பஸ்.
கழுத்தில் அட்டை, கையில் சோற்று டப்பா,
அவள் அம்மா ஏறினாள்.
அவள் மைலோ பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் வகுப்பில் போல நிமிர்ந்து,
விரலை நீட்டி,
"கோ," என்றாள்.
கோஸ், என்று திறந்தது என் வாய்.
"இல்ல டீச்சர், பாருங்க."
விளக்குப் போட்ட ஜன்னல்களில் முப்பது தலை,
ஒருத்தி ஒருத்திக்குப் பூ வைத்துவிடுகிறாள்,
எதற்கோ சிரிக்கிறார்கள்.
"தே," என்றாள். "தே கோ."

பஸ் வளைவில் மறைந்தது.
நான் மோட்டாரைக் கிளப்பினேன்.
ஐ கோ.
பின்னால் ஒன்றும் ஒட்டவில்லை.
அநியாயம்தான்.