ஏழாம் கவுண்டர்

பொபினி நகரசபை.
"முகவரிச் சான்று இல்லாமல்
பள்ளியில் பதிய முடியாது, மேடம்."

மிரேலாவுக்கு ஐந்து வயது.
வீடு,
மேம்பாலத்தின் கீழ் நிற்கும் வெள்ளை வான்.

சட்டம் என் கைப்பையில் இருந்தது,
நான்காய் மடித்து,
துப்புரவுக் கையுறைக்கும்
மெத்ரோ அட்டைக்கும் நடுவே.
வாசித்தேன்.
என் 'ர' அவளுக்குப் பிடிபடவில்லை.
திரும்ப வாசித்தேன்.
பின்னால் வரிசை இருமியது.

இந்த ஊரில் எனக்கு வாக்கில்லை.
பதினெட்டு வருட வரி ரசீதும்
கொஞ்சம் தொண்டையும் உண்டு.

மூன்றாம் முறை தடுக்கியபோது
வரிசையிலிருந்து யாரோ
அடுத்த வரியைச் சொன்னார்,
தாளைப் பார்க்காமலே.

மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறாராம்.
நிற்கிறோம்.
கண்ணாடித் தடுப்பில் ஊதி ஊதி
மிரேலா வரைகிறாள்,
இன்னும் எழுத்தாகாத எதையோ.