மூன்று சிமிட்டல்

வால்பரைசோவின் மலைத்தெருக்களில்
நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது.
அதனால்தான் லௌத்தாரோ இங்கே வந்து எடுத்தான்.
பன்னிரண்டு நாள், ஒரு பழைய வெள்ளை பெஜோ,
அதைத் துரத்த இரண்டு கறுப்பு ஓபாலா.

என்னிடம் வந்து சேர்ந்தது நாற்பத்தோரு சுருள்.
ஜன்னல் இல்லாத அறை. வெட்டுவேன், ஒட்டுவேன்,
ஆறிப்போன காப்பியில் விரல் தோய்ந்தபின்
ஆறிவிட்டதென்று தெரிந்துகொள்வேன்.

வேகம் பெரிய விஷயமில்லை.
இரண்டு கட்டத்துக்கு ஒன்றை உருவிவிட்டால்
பால் வண்டிகூடப் பறக்கும்.
எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும், அதுதான்.
கீழே துறைமுகம், மேலே கல்லறை,
நடுவே தப்பிக்க ஒரே ஒரு சந்து.
அந்தச் சந்தில் ஒருத்தி
மெத்தையை வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறாள் என்பது
நமக்குத் தெரிய வேண்டும்.
ஓட்டுகிறவனுக்குத் தெரியக் கூடாது.

அப்புறம், கார் கனக்க வேண்டும்.
வளைவில் அதன் உடம்பு ஒரு பக்கம் சரிந்து
மறுபக்கம் வர மனமில்லாமல் வர வேண்டும்.
துரத்தல் தொடங்கியதும் வயலினை நிறுத்து என்றேன்.
இரண்டாம் கியரின் முனகல் போதும்.

பெஜோவின் வீல்கப் இதுவரை ஐந்து கழன்றுவிட்டது.
சக்கரம் நான்குதான்.
என்ன செய்ய,
ஐந்தாவதுதான் படிக்கட்டில் அழகாக உருள்கிறது.

பதினேழாம் சுருளில் ஒரு நாய்.
யாரும் கூப்பிடவில்லை.
குறுக்கே நடந்து, மூன்று கார்களும் போனபின் திரும்பி
கேமராவைப் பார்க்கிறது,
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல.
அதை வெட்ட நான் யார்?

கதாநாயகனுக்குக் கார் ஓட்டத் தெரியாது.
அவன் முகம் தெரியும் இடங்களில்
நான்கு பேர் பம்பரைப் பிடித்து ஆட்டினார்கள்.
முகம் தெரியாத இடமெல்லாம் எதெல்மீரா,
ஒட்டுமீசையோடு.
வாரத்தில் ஐந்து நாள்
பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.

இருபத்தொன்பதாம் சுருள்.
செங்குத்தான இறக்கம். பிரேக்கில் புகை.
முதல் ஓபாலாவின் மூக்கு
பெஜோவின் முதுகை முகர்கிறது.
சந்துக்குள் திரும்ப இன்னும் ஒரு வீடுதான் பாக்கி.
அப்போது பெஜோவின் பின்னால்
இடப்பக்க விளக்கு சிமிட்டுகிறது.
ஒன்று. இரண்டு. மூன்று.
திரும்புகிறாள்.

லௌத்தாரோ நாற்காலியை எட்டி உதைத்தான்.
"வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன்
திரும்புமுன் கை காட்டுவானா?
வெட்டு, ப்ளாசிதா!"

நாற்பத்தெட்டு கட்டம். வெட்டினேன்.
ஓட்டிப் பார்த்தேன்.
சுத்தமாக இருந்தது, கழுவிய தட்டு மாதிரி.
ஒரு கார் தப்பித்தது.
அதற்குள் யாரும் இல்லை.

எதெல்மீராவுக்குப் போன் செய்தேன்.
பின்னால் குழந்தைகளின் கூச்சல்.
"நானா? விளக்குப் போட்டேனா?" என்றாள்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டாமா?"

அன்றிரவு குப்பைக்கூடையைக் கவிழ்த்து
துண்டுகளை விளக்கில் பிடித்துத் தேடி
திரும்ப ஒட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

முதல் காட்சி. மழை நாள். அரங்கில் ஈரக் கம்பளி வாடை.
இறக்கம் வந்தது, புகை வந்தது, விளக்கு சிமிட்டியது.
பால்கனியில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.
அப்புறம் ஒரு வரிசை, அப்புறம் எல்லோரும்.
அந்தச் சிரிப்பு பாதி வாயில் இருக்கும்போதே
மெத்தை வந்தது.

அறுநூறு பேர் ஒரே மூச்சை உள்ளிழுத்த சத்தத்தை
நான் எந்தச் சுருளிலும் பதிவு செய்ததில்லை.
இத்தனை நேரம் அவன் திருடன்.
இப்போது, ஐயோ, அவன் பிழைக்க வேண்டும்.

விளக்கு தன் யோசனை என்று
லௌத்தாரோ பத்திரிகைக்காரர்களிடம் சொன்னான். சொல்லட்டும்.
நான் திரையைப் பார்க்கவில்லை.
மூன்றாம் வரிசை ஓரத்தில்
மீசையில்லாத எதெல்மீராவின் வலது கால்
தரையில் இல்லாத பிரேக்கை
அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.