மற்றவை

வால்பராய்சோ சிறையில் பார்வையாளர் மேசை ஆடியது.
என் படிவத்தில் ஒன்றை நாலாய் மடித்து
அதன் காலுக்கு முட்டுக் கொடுத்தான் எலியாசர்.
"இனி எழுதுங்க, யாஸ்னா."

நாற்பத்தொரு கேள்விகள்.
அப்பா இருந்தாரா. எந்த வகுப்போடு நின்றாய்.
குடி. கூட்டாளிகள். முதல் கைது எத்தனை வயதில்.
பலமுறை கேட்கப்பட்டவனின் சலிப்போடு
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான்,
என் கருதுகோளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல்.

பிறகு, கேட்காமலே சொன்னான்:
"அன்னைக்குப் படிக்கட்டு விளக்கு எரியல.
வந்தவர் யாருன்னு தெரியல.
கத்தியைக் காட்டினேன், கையைப் பிடிச்சார்.
அவர் விழுந்த பிறகுதான் வாசனை வந்தது:
ஈஸ்ட், சுட்ட மாவு.
ஒன்பது வயசுல எனக்குக் கடனுக்கு ரொட்டி தந்தவர்.
முகம் தெரிஞ்சிருந்தா
வணக்கம் சொல்லி வழிவிட்டுட்டு
வேற ஆளுக்குக் காத்திருந்திருப்பேன்."

வெளிச்சம் குற்றத்தைக் குறைக்கிறதா,
அடுத்த படிக்கட்டுக்குத் தள்ளுகிறதா?
எங்கள் துறையில் பழைய சண்டை.
இரு தரப்புக்கும்
ஒரே மூச்சில் சாட்சி சொல்லிவிட்டான்.

'காரணம்' என்ற பத்தியில் ஏழு எண்கள்.
எட்டாவது: மற்றவை.
எட்டு என்று போட்டேன்.

விளக்குக்காக நகராட்சிக்கு எழுதினேன்.
ஆதாரம் கேட்டார்கள்.
ஒரு ஆள் போதாதாம்.

மாலையில் அந்தக் குன்றில் ஏறினேன்.
நூற்றிருபத்தாறாம் படியில் வெறும் கம்பம்.
யாரோ அதில் கயிறு கட்டிக்
குழந்தைச் சட்டைகள் காயப்போட்டிருக்கிறார்கள்.
நான் நிற்க நிற்க
சட்டைகளின் நிறம் போனது, பிறகு சட்டைகளும்.

கீழே துறைமுகம் முழுக்க
பளீரென்று வெளிச்சம்,
சரக்குப் பெட்டிகளுக்கு.